உயிர்க் காலேஜுக்கு ஒரு நாள்

விடுமுறை வந்துவிட்டால் குழந்தைகள் நச்சரிக்கத் தொடங்கிவிடுவார்கள்: “அப்பா, மிருகக்காட்சிசாலைக்கு எப்போது போகிறோம்?” பெரியவர்களும் இசைந்து ஒரு நாள் குறிக்கிறார்கள். விடியற்காலையில் புளியோதரையும் தயிர்ச்சாதமும் தயாராகின்றன. குடும்பம் முழுவதும் புறப்பட்டுப் போய், மாலையில் கால் வீங்கித் திரும்புகிறது. “என்னம்மா பார்த்தாய்?” என்று பாட்டி கேட்டால், “சிங்கம் தூங்கிற்று, முதலை அசையவே இல்லை” என்று குழந்தை சொல்கிறது.

சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தோம். ரயிலுக்கு ஏற்பாடு செய்தோம். பார்ப்பதற்கு மட்டும் நாம் ஏற்பாடு ஒன்றும் செய்யவில்லை. அதைப் பற்றியே இக்கட்டுரை.

நம் பாட்டனார் காலத்துப் பட்டணவாசிகள் எழும்பூர்ப் பொருட்காட்சிசாலையைச் ‘செத்த காலேஜ்’ என்றும், மிருகக்காட்சிசாலையை ‘உயிர்க் காலேஜ்’ என்றும் வழங்குவார்கள். வேடிக்கையான பெயர்கள்தாம், ஆயினும் அவ்விரண்டும் உடன்பிறப்புக்கள் என்பதை அவை நினைவூட்டுகின்றன. 1851-ஆம் ஆண்டில் சென்னையில் பொருட்காட்சிசாலை ஏற்பட்டபோது அது கோட்டைக் கல்லூரியின் கட்டடத்திலேயே இருந்தது. பின்னரே எழும்பூருக்கு வந்தது. அதன் பொறுப்பை ஏற்றிருந்தவர் எட்வர்டு பால்பர் என்னும் வைத்தியர். உயிருள்ள பிராணிகளையும் அங்கே வைத்தால் ஜனங்கள் மிகுதியாக வருவார்கள் என்று அவர் கண்டார். கர்நாடக நவாபு தம்மிடமிருந்த மிருகங்களையும் கொடுத்துதவினார். இவ்வாறு 1855-இல், பொருட்காட்சிசாலையின் தோட்டத்திலேயே மிருகக்காட்சிசாலை பிறந்தது.

கூட்டத்தை வரவழைக்க வந்த பிராணிகள், கூட்டம் பெருகவே இடம் பெயர நேர்ந்தது. 1863-இல் அவை இன்றைய சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அருகிலிருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்குச் சென்றன. நூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கேதான் இருந்தன. நகரம் நாளுக்கு நாள் வளர்ந்தது, கட்டடங்கள் நெருங்கின, வண்டிகளின் இரைச்சல் மிகுந்தது. கூண்டுகளோ வளரவில்லை. கடைசியில் நகருக்குத் தெற்கே, வண்டலூர்க் காட்டுப்புறத்தில், புதிய உயிரியல் பூங்கா அமைக்கப்பெற்று, 1985-இல் திறக்கப்பட்டது. அறிஞர் அண்ணா பெயர் தாங்கிய அப்பூங்காவில் பெரிய மிருகங்கள் பலவற்றிற்கும் நமக்கும் இடையே இருப்பது அகழிதான்.

இந்த யாத்திரையை நாமும் ரயிலிலேயே செய்யலாம் என்பது ஒரு நல்ல சௌகரியம். பார்க் ஸ்டேஷனில் ஏறுங்கள்; மறைந்துபோன அத்தோட்டத்தின் பெயர் அங்கே இன்னும் நிலைத்திருக்கிறது. அடுத்த ஸ்டேஷன் எழும்பூர். பிறகு தாம்பரத்தைக் கடந்து வண்டலூர். பிராணிகள் குடிபெயர்ந்த கதையை வழியில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொண்டே போகலாம். ஒரே நாளில் எழும்பூரிலும் இறங்கிப் பொருட்காட்சிசாலையைப் பார்த்துவிடலாம் என்று ஆசைப்பட வேண்டாம்; அதற்கு மற்றொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமையும் பொருட்காட்சிசாலைக்கு வெள்ளிக்கிழமையும் விடுமுறை என்பதை மறக்கலாகாது.

புறப்படுவதற்கு முதல் நாள் இரவே குழந்தைகளை உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு பிராணியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் மூன்று குழந்தைகள் இருந்தால் மூன்று பிராணிகள், அதற்குமேல் வேண்டாம். மற்றவை வழியில் தென்பட்டால் தென்படட்டும். ஒரு பிராணியையாவது நம் மலைகளுக்கே உரியதாகத் தேர்ந்தெடுப்பது நன்று. மேற்குத்தொடர்ச்சி மலையின் சோலைகளில் வாழும் சிங்கவால் குரங்கு உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. நம் குழந்தைகளுக்கு ஆப்பிரிக்கச் சிங்கத்தைத் தெரிகிறது, இதைத் தெரிவதில்லை.

வாசல் திறக்கும் வேளைக்கே போய்ச் சேருங்கள். குளிர்ந்த நேரத்தில்தான் பிராணிகள் நடமாடும். சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம் வரையிலுங்கூடத் தூங்கும் இயல்புடையது. நண்பகலில் போய் அதன் சோம்பலைக் குறைகூறுவதில் நியாயமில்லை. நடக்க இயலாத முதியவர்களுக்குப் பாட்டரி வண்டி உண்டு. கட்டுச்சாதம் நமக்காக மட்டுமே. அதில் ஒரு பருக்கையும் பிராணிகளுக்கு அன்று. குரங்கு கை நீட்டுகிறதே என்று இரங்கி நாம் போடும் தின்பண்டம் அதற்கு நோயாக முடியலாம்.

இவ்வளவும் நான் பட்டுத் தெரிந்துகொண்டவை. சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்புப் பிள்ளைகள் 40 பேரை அங்கே அழைத்துச் சென்றேன். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, “நடங்கள், நடங்கள்” என்று விரட்டினேன். முதலை இருந்த இடத்திற்கு வந்தோம். அது வாயைத் திறந்தபடி கரையில் கிடந்தது. கண்மூடித் திறப்பதற்குள் ஒரு மாணவன் கல்லை எடுத்து எறிந்துவிட்டான். அது முதலையின் முதுகில் பட்டது. எல்லோர் முன்னிலையிலும் அவனைக் கடுமையாகக் கண்டித்தேன். அவன் அழுதுகொண்டே, “உயிர் இருக்கிறதா என்று பார்த்தேன், சார்” என்றான்.

திரும்பி வரும்போது ரயிலில் அந்தச் சொல் என் மனத்தை உறுத்திற்று. கல்லெறிந்தது தவறு, ஐயமில்லை. ஆனால் அவன் கேட்ட கேள்வி தவறன்று. அதற்கு விடை காண அவனுக்கு இரண்டு நிமிஷங்கூட நான் அளிக்கவில்லை.

அடுத்த விடுமுறையில் என் மகளோடு அவனையும் அழைத்துக்கொண்டு போனேன். நேரே முதலையிடம் சென்றோம். முதலை வாயைத் திறந்து கிடப்பது உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளும் உபாயம் என்று சொல்லி, பிறகு நான் வாய் திறக்கவில்லை. கால்மணி கழிந்தது. என் மகள் பொறுமையிழந்து, “போகலாமா, அப்பா?” என்றாள். பையன் மட்டும் கம்பியைப் பிடித்தபடி நின்றான். சட்டென்று, “சார், விலாவைப் பாருங்கள். மூச்சு விடுகிறது!” என்று மெல்லக் கூறினான். குனிந்து பார்த்தேன். மிகவும் மெதுவாக அந்த விலாப்புறம் உயர்ந்து தாழ்ந்தது. எத்தனையோ முறை அங்கே போயிருக்கிறேன். அன்றுதான் நானும் அதைக் கண்டேன்.

அவ்வேளையில் பக்கத்தில் நின்ற இளைஞர் ஒருவர் கீழே குனிந்து எதையோ பொறுக்கினார். பையன் அவர் பக்கம் திரும்பி, “வேண்டாம், அண்ணா. உயிரோடுதான் இருக்கிறது. கொஞ்சம் நின்று பாருங்கள், தெரியும்” என்றான். அவர் வெட்கத்துடன் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு, எங்களோடு நின்றார்.

அன்று நாங்கள் பார்த்த பிராணிகள் மூன்றே. அவற்றைப் பற்றி என் மகள் தன் பாட்டிக்கு இரவு படுக்கப்போகும் வரையில் சொல்லிக்கொண்டிருந்தாள். வருகிற விடுமுறையில் நீங்களும் அவ்வாறே ஒரு நாள் போய் வாருங்கள்.