தேறலின் தெளிவு

கானாவூர்க் கலியாணத்திலே பந்திவிசாரிப்புக்காரன், தண்ணீர் திராட்சரசமான வரலாற்றை அறியாதவனாயிருந்தும், ருசித்த மாத்திரத்தில் அதனை நல்லரசம் என்றான். அந்நன்மையை அவன் எங்ஙனம் உணர்ந்தான்? மதுவை விலக்கி வாழும் நமக்கும் இவ்வினாவின் விடை வேண்டுவதே. புறநானூற்று 56-ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் பருகுதலைப் பாடுகின்றார். அதனைக் கள் என்றே கருதிக் கடப்போமாயின் பாட்டின் நயத்தை இழப்போம். தேறல் என்பது தெளிந்த மது, தெளிதற்பொருளது அச்சொல்.

யவனர் மது திராட்சையினின்று வந்தது. புதுச்சேரியையடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் என்பார் அகழ்ந்தபோது ரோமரின் இருகைச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அத்தகைய சாடிகளிலேதான் மதுவும் எண்ணெயும் கடல் கடந்தன.

இனி, மது உண்டாகும் வகை யாது? கான்சாபுரத்துப் பனையேறியை வினவின், முதற்பாடம் கிடைத்துவிடும். கலயத்தினுள் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாவிடின் அது புளித்துக் கள்ளாகும். ஈஸ்டு என்னும் நுண்ணுயிர் இனிப்பை உண்டு சாராயச்சத்தையும் கரியமிலவாயுவையும் ஆக்குகின்றது. சுண்ணாம்பின் காரம் அதனைத் தடுக்கின்றது. திராட்சைச் சாற்றில் நிகழ்வதும் இதுவே.

இரண்டாம் பாடத்திற்கு அவ்வூரின் மேற்கு மலைக்கு அப்பாலுள்ள கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை போதும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது அது. ஒரு கனியைப் பிதுக்கிப் பார்மின். சதை வெளிறியது, கருமை தோலில் உளது. சதையில் இனிப்பும் புளிப்பும், தோலிலும் விதையிலும் துவர்ப்பும் உள. ஆதலின் தோலோடு புளிக்கவைத்த மது சிவந்து, நாவைத் துவர்ப்பால் இறுக்கும். தோலை நீக்கிச் சாற்றை மட்டும் புளிக்கவைத்தது வெளிறி நிற்கும்.

மதுவை ஆராய்வோர் முதலில் நிறத்தைக் காண்பர். பின்னர் மணத்தை முகர்வர். இறுதியில் சிறிதே நாவிலிட்டு, இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு என்பன ஒன்றையொன்று மீறாது இயைந்தனவா என நோக்குவர். மணம் நெடிது நிற்பதும் நன்மைக்கு அடையாளம். பந்திவிசாரிப்புக்காரனும் இங்ஙனமே தேர்ந்திருத்தல் கூடும்.

குடிவெறியை வேதம் கடிந்து விலக்குகின்றது. அவ்விலக்கு நமக்கு என்றும் உரியதே. ஆயினும் விலக்குதல் வேறு, அறியாதிருத்தல் வேறு. ஒரு திராட்சைக் கனியை மென்று, அதன் தோலின் துவர்ப்பை உணர்ந்த பின்னர் நக்கீரர் பாட்டை மீண்டும் ஓதுவோமாக. குடியாமலே அத்தேறலின் அருமை சிறிது விளங்கும்.