எட்டும் டிரெய்லரும்

கியர் உள்ள மோட்டார் சைக்கிளைச் சாலையில் ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 16 வயதினருக்கும் ஒரு சலுகை தருகிறது: பெற்றோர் சம்மதத்துடன், 50 சி.சி.க்கு மேற்படாத கியர் இல்லாத வண்டியை ஓட்டலாம். சலுகை ஏட்டில்தான் இருக்கிறது. இன்று தெருவில் ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சி.சி.யைத் தாண்டியவை. ஆகவே, பிளஸ் டூ படிக்கும் பையன் அப்பாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு டியூஷனுக்குப் போவது அநேகமாக எப்போதும் சட்டமீறல். 2019இல் திருத்தப்பட்ட சட்டப்படி அதற்குப் பெற்றோரோ வண்டி உரிமையாளரோ பொறுப்பு: 25,000 ரூபாய் அபராதம், மூன்றாண்டு வரை சிறை. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

முதல் படி பழகுநர் உரிமம், அதாவது எல்.எல்.ஆர். பரிவாகன் இணையதளத்தில் நேரடியாகவோ இ-சேவை மையத்தின் மூலமோ விண்ணப்பிக்கலாம். வயதுச் சான்று, முகவரிச் சான்று, உடல்தகுதி பற்றிய சுய உறுதிமொழி ஆகியவை தேவை. சாலைக் குறியீடுகளும் விதிகளும் பற்றிய சிறு தேர்வில் தேறினால் எல்.எல்.ஆர். கைக்கு வரும். அது ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழிந்த பிறகே ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். அந்த முப்பது நாளைப் பலர் வெறும் காத்திருப்பாகக் கழிக்கிறார்கள். சட்டம் அதைக் கொடுத்திருப்பது பழகுவதற்கு. பழகும் வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' இருக்க வேண்டும். உரிமம் உள்ள பயிற்றுநர் தவிர வேறு எவரையும் பின்னால் ஏற்றக் கூடாது. நண்பனோடு 'டபுள்ஸ்' போவது எல்.எல்.ஆர். காலத்தில் குற்றம்.

அடுத்தது ஆர்.டி.ஓ. மைதானம். பழைய தலைமுறை 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றழைத்த மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னிலையில் கால் ஊன்றாமல் எட்டு போட வேண்டும். ஊரைப் பொறுத்தவரை தேர்வென்றால் எட்டுதான். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் கேட்பது அதைவிட அதிகம். கண்ணாடியைச் சரிசெய்தல், கியரை ஏற்றி இறக்குதல், கைச் சைகை, முந்திச் செல்லுதல், அவசரத்தில் நிறுத்துதல் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. தவறினால் ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று முறை தவறினால் 60 நாள் இடைவெளி. தேறியவருக்கு உரிமம் அஞ்சலில் வீடு தேடி வரும்.

எட்டு காட்டுவது மெதுவான வேகத்தில் சமநிலையையும் கிளட்சைப் பாதி பிடித்து ஓட்டும் பழக்கத்தையும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் துறைமுகப் பகுதிக்கு அது போதாது. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டும். எண்ணூரில் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம், அனல் மின் நிலையங்கள். இந்தப் பக்கம் மணலியின் ஆலைகள். எல்லாவற்றுக்கும் வரும் கனரக வண்டிகளுக்கு நடுவேதான் புதிதாக உரிமம் வாங்கியவரும் வேலைக்குப் போகிறார்.

டிரெய்லர் இடப்பக்கம் திரும்பும் விதத்தை மைதானத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை. இடம் எடுக்க முகப்பு முதலில் சற்று வலப்பக்கம் விலகும். இடப்பக்கம் பைக் நுழையும் அளவுக்கு வழி திறந்தது போலத் தெரியும். அடுத்த கணம் பின் சக்கரங்கள் மூலையை உரசிக்கொண்டு உள்ளே வரும்; அந்த வழி மூடிவிடும். கேபினின் இடக் கதவுக்குக் கீழே நிற்கும் பைக் ஓட்டுநர் கண்ணில் படாது. டிரெய்லருக்கும் நடைபாதைக்கும் நடுவே எந்த அவசரத்திலும் நுழையக் கூடாது என்பதே இங்கே முதல் பாடமாக இருக்க வேண்டும்.

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கும். நாற்பதடி கன்டெய்னரின் நீளமே 12 மீட்டர்தான். பிரேக்கைத் தொடுமுன் ஒரு நொடி தயங்கினாலும் அவ்வளவு தூரம் போய்விடும். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கப் பழக வேண்டும். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னே சாய்வதால் வண்டியை அதிகம் நிறுத்துவது முன் பிரேக்தான். ஆனால் கடற்காற்று மணலை வாரிப் போட்ட வளைவில் அதையே அழுத்தினால் முன் சக்கரம் வழுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட புது பைக்குகளில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். அதற்கு முந்தைய செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குபவர் அது இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு எச்சரிக்கை பழைய புல்லட் பற்றியது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் ஆலை திருவொற்றியூரில்தான் எழுந்தது. அங்கே பல பத்தாண்டுகள் தயாரான புல்லட்களுக்குக் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இன்றைய பைக்கில் பழகியவர் தாத்தாவின் புல்லட்டை எடுத்தால், நிறுத்த நினைத்து மிதிப்பது கியராக இருக்கும். அதை ஆளில்லாத இடத்தில் தனியாகப் பழகாமல் டி.எச். ரோடு எனப்படும் திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்குக் கொண்டுவரக் கூடாது.

ஹெல்மெட் ஓட்டுபவருக்கும் பின்னால் உட்காருபவருக்கும் கட்டாயம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும், தாடைப் பட்டை மாட்டியிருக்க வேண்டும். அது இல்லாமல் பிடிபட்டால் 1,000 ரூபாய், உரிமமே இல்லாமல் பிடிபட்டால் 5,000 ரூபாய். 30 வயதுக்குள் வாங்கும் உரிமம் 40 வயது வரை செல்லும். காலாவதியாகி ஓராண்டுக்குள் புதுப்பிக்காவிட்டால் ஓட்டுநர் தேர்வில் மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும்.