மணல் வேண்டாத பாலைப் பல்லி

நம் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்கு இமை கிடையாது. செல்லப்பிராணியாகத் தொட்டியில் வளர்க்கப்படும் லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லிக்கு உண்டு. கண்ணை மூடித்தான் தூங்கும். ஆனால் விரலடியில் ஒட்டிக்கொள்ளும் தகடுகள் இல்லாததால் அதனால் கண்ணாடியில் ஏற முடியாது. வாழ்நாள் முழுக்கத் தரையில் நடக்கும் பிராணி அது. நன்றாக வளர்த்தால் 15, 20 ஆண்டுகள்கூட இருக்கும். அத்தனை காலமும் அதன் வயிறு உரசப்போகிற தரையை வாங்குபவர்கள் பெரும்பாலும் அழகு பார்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகியவை இதன் தாயகம். விலங்கியலாளர் எட்வர்ட் பிளைத் 1854இல் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அவருக்குக் கிடைத்த மாதிரி இன்று பாகிஸ்தானில் உள்ள பஞ்சாபின் உப்பு மலைத்தொடரைச் சேர்ந்தது. வறண்ட நிலம்தான், ஆனால் மணல்மேடு அல்ல. கல்லும் சரளையும் கலந்து இறுகிப்போன களிமண், அங்கங்கே புல், ஒளிந்துகொள்ளப் பாறை இடுக்கு. ‘பாலைவனப் பிராணி’ என்றதும் தொட்டி நிறைய மணலைக் கொட்டுவது நம் கற்பனைக்குச் செய்யும் உபசாரமே தவிர, பல்லிக்கு அல்ல.

பூச்சியைப் பாய்ந்து கவ்வும்போது மணலும் வாய்க்குள் போகும். அது குடலில் சேர்ந்து அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. கடைகளில் விற்கும் ‘கால்சியம் மணல்’ இதைவிட மோசம். செரித்துவிடும் என்று விளம்பரம் செய்வார்கள். உள்ளதோ கால்சியம் கார்பனேட். கால்சியம் குறைந்த பல்லி அதைத் தேடி நக்கும். நிறையப் போனால் வயிற்று அமிலத்தை மட்டுப்படுத்திவிட்டுக் கட்டியாகத் தங்கும். சத்துக்கு நக்கிய பொருளே அடைப்பாகிவிடும். என் கணக்கில் முதலில் ஒதுக்கவேண்டியது இதுதான். கூர்முனை கொண்ட வால்நட் ஓட்டுத் தூளும், நெடியுள்ள தேவதாரு மரச்சீவலும் அதே வரிசையில் வரும்.

எல்லாப் பழியையும் மணல்மீது போடுவதும் சரியல்ல. ஊர்வனவற்றின் செரிமானம் வெளிவெப்பத்தை நம்பி நடப்பது. தொட்டியின் சூடான பக்கத்தில் தரை 32 டிகிரி செல்சியஸை ஒட்டி இல்லாவிட்டால் குடல் மந்தமாகும். நீர்ச்சத்துக் குறைவும் குடற்புழுவும் சேர்ந்தால் கொஞ்சம் மண்கூட அடைத்துக்கொள்ளும்.

புதிதாக வளர்ப்பவர்களுக்கும் புதிதாக வந்த பல்லிக்கும் சமையலறைக் காகிதம் போதும். எச்சம் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம், தினமும் மாற்றலாம். அடுத்து, சொரசொரப்பான தரை ஓடு. கீழே வைத்த சூட்டுப் பாயின் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், நகமும் தேயும். வழவழப்பான ஓடு மட்டும் வேண்டாம், கால் வழுக்கும். துணிவிரிப்பில் நகம் மாட்டும். கழுவிக்கொண்டே இருக்காவிட்டால் கிருமியும் தங்கும்.

அனுபவம் வந்தபின் இயற்கைத் தரை அமைக்கலாம்: உரம் கலக்காத மேல்மண்ணோடு கொஞ்சம் மணலும் களிமண்ணும் சேர்த்து நனைத்து, அமுக்கி, காயவிட வேண்டும். அழுத்தினால் உதிராத தரைதான் நல்ல தரை. தடித்த மண் கீழிருந்து வரும் சூட்டைத் தடுக்கும் என்பதால் அப்போது விளக்கு வெப்பம் மேலிருந்து வர வேண்டும். எந்தத் தரையானாலும் ஈரப்பாசி வைத்த ஒரு மறைவிடம் அவசியம். ஈரம் இல்லாவிட்டால், தோலுரியும்போது விரலில் தங்கும் தோல் ரத்த ஓட்டத்தை இறுக்கி விரலையே விழச்செய்துவிடும்.

வயிறு உப்பி, எச்சமிடாமல், பின்னங்காலை இழுத்து நடக்கிறதா? எண்ணெய் புகட்டிப் பார்க்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடலாம். ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் அன்றே எடுத்துச் செல்லுங்கள்.