பாங்காக்கில் மின்னியது, ஜொகூரில் ஒளிர்கிறது

ஜொகூர் பாரு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்கு வெளியூர் நண்பர்களை அழைத்துப் போகும்போதெல்லாம் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் வெட்கம். 1922இல் சிறு குடிலாகத் தொடங்கிய கோயில் இது. இதை நடத்திவரும் சின்னதம்பி சிவசாமி பாங்காக்கில் துக்-துக்கில் போனபோது தூரத்தில் ஏதோ மின்னியதாம். தேடிப் போனால் வாட் அருண் கோயில். அங்கே பதித்திருந்த கண்ணாடி. அந்த மினுக்கம்தான் இங்கே சுவர், தூண், விதானம் எங்கும் லட்சக்கணக்கான கண்ணாடித் துண்டுகளாகப் படர்ந்தது. 2009இல் பழைய கோயில் கண்ணாடிக் கோயிலானது.

வாட் அருணுக்கு நானும் போயிருக்கிறேன். செல்ஃபி எடுத்தேன், இளநீர் குடித்தேன், திரும்பிவிட்டேன். வானொலியில் கவிதை நிகழ்ச்சி நடத்துகிறவள், அங்கே ஒரு வரிகூட எழுதவில்லை!

போன வாரம் இங்கே ஒரு தூணருகே தனியாக நின்றேன். ஒவ்வொரு துண்டிலும் என் முகத்தின் ஒரு கீற்று. கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். நான்கு வரி வந்தது. மூன்றை அடித்துவிட்டேன்.