அக்காள் சொன்ன பறவைக் கதை

தொலைக்காட்சியில் தூர்தர்ஷன் ஒன்றே தெரிந்த காலத்தில் வளர்ந்தோர் உள்ளத்தில் இன்றளவும் பசுமை மாறாது நிற்கும் கார்ட்டூன் படம் ஒன்று உண்டு. அதில் அடிதடி இல்லை, ஆரவாரம் இல்லை. சிறுவர் வினவ, அக்காள் ஒருத்தி பொறுமையுடன் விடை கூறுகிறாள். ஏறத்தாழ ஏழு நிமிடங்களே ஓடும் அப்படத்தின் பெயர் 'ஏக் அநேக் ஔர் ஏக்தா' என்பதாகும். மத்திய அரசின் திரைப்படப் பிரிவு 1974-ஆம் ஆண்டு அதனை வெளியிட்டது. சிறந்த கல்விப் படத்திற்கான தேசிய விருதையும் அது பெற்றது.

கீழ் கோத்தகிரியின் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் வளர்ந்த நம்மில் பெரும்பாலோர்க்கு அன்று இந்தி தெரியாது. ஒரு வீட்டில் படுக மொழி. அடுத்த ஊரில் இருளர் மொழி. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழியாக இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் இல்லங்களில் மலையகத் தமிழ். ஆயினும் அப்படம் நம் அனைவர்க்கும் விளங்கியது. மொழி விளங்காத படம் உள்ளத்தில் நின்றது எவ்வாறு என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஒருமை, பன்மை, ஒற்றுமை

'ஏக்' என்றால் ஒன்று. 'அநேக்' என்றால் பல. 'ஏக்தா' என்றால் ஒற்றுமை. அநேகம் என்னும் சொல் நம் பேச்சு வழக்கிலும் உள்ளதே. கதிரவன் ஒன்று, நிலவு ஒன்று, விண்மீன்களோ பல என்று அக்காள் தொடங்குகிறாள். பின்னர் அணிலையும் வண்ணத்துப்பூச்சியையும் காட்டி, ஒன்று பலவாவதை விளக்குகிறாள். தொடக்கப் பள்ளியில் நாம் பயின்ற ஒருமை பன்மைப் பாடமே இது. ஒன்று என்பதிலிருந்தே ஒருமையும் ஒற்றுமையும் தமிழில் பிறந்தன; இந்தியில் 'ஏக்' என்பதிலிருந்து 'ஏக்தா' பிறந்ததும் அவ்வாறே. பல ஒன்றாதலே ஒற்றுமை என்னும் கருத்தை இரு மொழிகளும் சொல்லுக்குள்ளேயே பொதிந்து வைத்துள்ளன.

அதன்பின் பறவைக் கதை வருகிறது. தானியத்தைக் கண்டு இறங்கிய பறவைகள் வேடனின் வலையிற் சிக்குகின்றன. அறிவிற் சிறந்த பறவை ஒன்று வழி கூற, அனைத்தும் ஒருசேர எழும்பி வலையோடு பறக்கின்றன. எலிகள் வலையைக் கடித்து அவற்றை விடுவிக்கின்றன. சொல் புரியாத குழந்தைக்கும் இது புரியும்.

இப்படத்தை இயக்கியவர் விஜயா முலே அம்மையார் (1921-2019). ஓவிய வடிவமைப்பும் அசைவூட்டமும் பீம்சேன் அவர்களின் கைவண்ணம். இசை வசந்த் தேசாய். முலே அம்மையாரைத் திரைப்பட வட்டாரத்தினர் பலரும் 'அக்கா' என்றே அழைத்தனர் என்பது அறிந்து மகிழத்தக்கது.

கதை வந்த வழி

பறவைக் கதையோ மிகப் பழையது, பஞ்சதந்திரத்தில் உள்ளது. 1826-ஆம் ஆண்டு தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து தமிழில் தந்த பஞ்சதந்திரத்தில், நட்பின் பயன் கூறும் சுகிர்லாபம் என்னும் பகுதியில் இதனைக் காணலாம். புறாக்களின் அரசன் சித்திரக்கிரீவன். அவன் நண்பனாகிய எலியின் பெயர் இரணியகன்.

இந்நூல் கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் பாரசீகம் சென்று பகலவி மொழியில் பெயர்க்கப்பட்டது. 8-ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பா அதனை அரபியில் 'கலீலா வ திம்னா' என ஆக்கினார். அரபி உரைநடையின் முதற்பெரும் நூல்களுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. கழுத்தில் வளையம் கொண்ட புறா அங்கே தலைவியாகத் தோன்றுகிறது.

அந்தப் புறாவின் பண்பு நம் கருத்திற்குரியது. நட்பின் மிகுதியால் எலி முதலில் தலைவியின் கட்டையே அறுக்க முற்படுகிறது. புறா தடுக்கிறது, மற்றவர் கட்டுகளை முதலில் அறுக்குமாறு வேண்டுகிறது. காரணமும் கூறுகிறது: என் கட்டை முதலில் அறுத்தால் நீ களைத்துப் பிறரை விட்டுவிடக் கூடும்; என்னுடையது இறுதியில் இருப்பின், எத்துணைக் களைத்தாலும் என்னைச் சிறையில் விட்டுச் செல்ல உன் அன்பு இடந்தராது. தியாகமும் நம்பிக்கையும் ஒருங்கே அமைந்த விடை இது.

மலையகத்து அக்காள்

இப்போது நாம் எழுப்பிய வினாவிற்கு விடை கிடைக்கிறது. படத்தில் வந்த அக்காள் நமக்குப் புதியவள் அல்லள். காலையில் தாய் கொழுந்து பறிக்கச் சென்றபின், தம்பி தங்கையர்க்கு முகங்கழுவி, உணவூட்டி, கைப்பிடித்துப் பள்ளிக்கு அழைத்துச் சென்றவள் அவளே. அக்காள் என்றழைப்பினும் ராத்தா என்றழைப்பினும் அவள் ஒருத்தியே. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், பெண் தொழிலாளர் ஐம்பதின்மர் உள்ள தோட்டங்களில் குழந்தைக் காப்பகத்திற்கு வகை செய்தது. ஆனால் அது ஆறு வயதிற்குட்பட்டோர்க்கே உரியது. அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மூத்த மகளே காப்பகமானாள்.

படத்து அக்காளுக்கு விடை கூறுதல் ஒன்றே வேலை. நம் அக்காளுக்கோ விறகும் தண்ணீரும் சோறும் சேர்ந்திருந்தன. கடைக்குட்டி பள்ளி சென்ற ஆண்டில் அவள் பள்ளியை விட்டு நின்றாள். தம்பி கல்லூரி செல்ல, அவள் கொழுந்துக் கூடையைத் தோளிலேற்றினாள். 'என் கட்டை இறுதியில் அறுப்பாய்' என்று வாய்திறந்து கூறாமலே அவள் நம்பினாள். பல குடும்பங்களில் எலி களைத்துவிட்டது. இறுதி முடிச்சு அறுபடாமலே நின்றுவிட்டது.

இளமைக்கால நினைவு இனியது. அப்படத்தை மீண்டும் காணும்போது கண் கலங்குவதும் இயல்பே. எனினும் நினைந்து உருகுவதோடு நின்றுவிட்டால் அக்கதையின் பாதியைத்தான் நாம் கற்றவராவோம். வலையோடு பறப்பது முதற்பாதி; ஒருவரும் எஞ்சாமல் வலையிலிருந்து விடுபடுவதே மறுபாதி.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்தில் படிப்பை இடையில் நிறுத்திய அக்காள் இருப்பின், அவரிடம் சென்று விருப்பத்தைக் கேளுங்கள். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத வழியுண்டு. 2002-இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், வேலை செய்துகொண்டே பயில்வோர்க்கும் வாய்ப்பளிக்கிறது. விண்ணப்பத்தை நிரப்பித் தருவதும், மாலையில் ஒரு மணி நேரம் பாடம் சொல்லித் தருவதும் தம்பி தங்கையரின் கடன். சமுதாயப் பெரியோர்களும் கல்வி உதவி வழங்கும்போது, இளையோர்க்கு வழிவிட்டு நின்ற மூத்த பெண்மக்களைத் தேடிக் கண்டு உதவுவார்களாக. நமக்கு ஒருமை பன்மை சொல்லித் தந்தவளுக்கு நாம் செலுத்தவேண்டிய கைம்மாறு அதுவே.