முதலைக்கு வெறும் கறி போதுமா?

முதலைப் பண்ணைக்குப் போனால் பலரும் கேட்கிற கேள்வி, "இதுக்கு என்ன சாப்பாடு போடுவாங்க?" "கறியும் மீனும்" என்று பதில் வந்ததும் தலையாட்டிவிட்டு அடுத்த தொட்டிக்குப் போய்விடுவோம். வளர்ப்பு முதலைகளுக்கு வரும் நோய்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் பல நோய்களின் ஆரம்பம் அந்தக் "கறி" என்கிற வார்த்தையில்தான் இருக்கு என்று தோன்றுகிறது.

காட்டில் முதலை கறி தின்பதில்லை. பிராணியைத் தின்கிறது. எலும்பு, குடல், செதில், இறகு எல்லாம் சேர்த்துத்தான் உள்ளே போகுது. அதன் வயிற்று அமிலம் எலும்பையே கரைக்கும். நமக்குக் கழிவாகத் தெரிகிற எலும்புதான் அதற்குக் கால்சியம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. முதலையின் உணவில் கால்சியமும் பாஸ்பரஸும் குறைந்தது சரிக்குச் சரி இருக்கணும், கால்சியம் இரண்டு மடங்கு இருந்தாலும் நல்லது. எலும்பில்லாத தசைக்கறியில் 1 பங்கு கால்சியத்துக்குச் சுமார் 15 முதல் 20 பங்கு பாஸ்பரஸ் இருக்கு. ஈரலில் இன்னும் மோசம். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு சும்மா இருக்காது, தன் எலும்பிலிருந்தே எடுத்துச் சரிக்கட்டும். வளரும் குட்டியில் இது நடந்தால் தாடை ரப்பர் மாதிரி வளையும், முதுகெலும்பு கோணும். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் வைக்காமல், "நல்ல கறியா" பார்த்துப் போட்டு வளர்த்த குட்டிக்குத்தான் இது வருது. பிறகு கால்சியம் கொடுத்தால் எலும்பு கெட்டிப்படலாம், ஆனால் கோணினது நிமிராது.

அதனால் முதல் விதி: முழு இரை. முழு மீன், எலி, கோழிக்குஞ்சு. பெரிய முதலை என்றால் எலும்போடு கூடிய கோழி, மாட்டிறைச்சி. வேறு வழியில்லாமல் எலும்பில்லாத கறி போட்டால் கால்சியம் பொடி சேர்த்தே ஆகணும்.

"அப்போ மீனே போட்டுடலாமே" என்றால், அதிலும் இரண்டு சிக்கல். நெத்திலி, கார்ப் போன்ற சில மீன்களில் விட்டமின் பி1-ஐ அழிக்கும் தயாமினேஸ் என்ற நொதி இருக்கு. ஃப்ரீசரில் வைத்தாலும் அது சாகாது. தினமும் அதையே போட்டால் நரம்புத் தளர்ச்சியில் போய் முடியும். இரண்டாவது, மத்தி மாதிரி எண்ணெய் நிறைந்த மீன் நாள்பட்டால் கொழுப்பு சிக்கெடுத்துப்போகும். அது விட்டமின் ஈ-யைத் தீர்த்துவிட்டு, முதலையின் உடல் கொழுப்பையே அழற்சியில் கட்டியாக்கிடும். ஒரே மீனை மாதக்கணக்கில் போடாமல் மாற்றி மாற்றிப் போடுவதும், ஸ்டாக் பழசாகாமல் பார்ப்பதும்தான் வழி.

அடுத்தது, எந்த முதலை? வடநெம்மேலியில் 1976-ல் தொடங்கிய சென்னை முதலைப் பண்ணையில் சதுப்புநில முதலையும் கரியாலும் இருக்கு. வாயைப் பார்த்தாலே வித்தியாசம் புரியும். கரியாலின் ஒல்லியான நீள மூக்கும் நூறுக்கு மேற்பட்ட பற்களும் மீன் பிடிக்கவே அமைந்தவை. சதுப்புநில முதலை மீன், தவளை, பறவை, எலி எதையும் விடாது. குட்டிகளுக்குப் பூச்சி, சின்ன மீன் போதும்.

எவ்வளவு போடுவது என்பதைத் தெர்மாமீட்டர்தான் சொல்லணும். முதலை குளிர் ரத்தப் பிராணி. உடம்பு 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால்தான் ஜீரணம் ஒழுங்காக நடக்கும். குளிர்காலத்தில் வயிறு நிறையப் போட்டால் இரை உள்ளேயே அழுகலாம். அதிகப் புரதம், தண்ணீர்க் குறைவு, குளிர் மூன்றும் சேர்ந்தால் யூரிக் அமிலம் தேங்கி மூட்டுகளிலும் உறுப்புகளிலும் படியும். வளர்ந்த முதலைக்கு வாரம் ஒருமுறை போட்டாலே போதும். மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கவும் அதால் முடியும்.

கடைசியாக, இரை எங்கிருந்து வருது என்பது. அமெரிக்காவில் லூயிசியானா பண்ணைகளில் நியூட்ரியா என்ற பெரிய கொறிணியின் கறியை அலிகேட்டர்களுக்குப் போட்டார்கள். சுட்டுக் கொன்ற பிராணிகள் அவை. உடம்பில் தங்கிய ஈயக் குண்டுகள் கறியோடு சேர்ந்து உள்ளே போய், அலிகேட்டர்களின் உடம்பில் ஈயம் ஏறியிருந்ததை 1998-ல் வெளியான ஒரு ஆய்வு காட்டியது. எலும்பைக் கரைக்கும் வயிறு ஈயத்தையும் கரைக்கத்தானே செய்யும்?

இந்தியாவில் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முதலையை வீட்டில் வளர்க்க முடியாது. பிறகு நமக்கு இதெல்லாம் எதற்கு? நாம்தான் பார்வையாளர்கள். அசையாமல் கிடக்கும் முதலையைப் பார்த்து "பாவம், பட்டினி போட்டிருக்காங்க" என்று பிஸ்கட்டையோ கவரோடு சிப்ஸையோ வீசுவது நம் ஆட்கள்தான். பிளாஸ்டிக்கை அந்த அமிலமும் கரைக்காது, வயிற்றிலேயே தங்கிடும். காட்டில் இருந்தால் அது தன் இரையைத் தானே தேர்ந்தெடுக்கும். தொட்டிக்குள் வந்த பிறகு அதற்காக மனிதன்தான் தேர்ந்தெடுக்கணும். அடுத்த முறை போகும்போது "என்ன போடுறீங்க" என்பதோடு "எலும்போடவா?" என்றும் கேட்டுப் பாருங்க.