இறுகிய பிரேக் மிதி: காரணம் காணும் முறை

நோயை அறிவதோடு நில்லாமல் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் ஆராய்ந்து செயற்பட வேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த நெறி. உடலுக்குச் சொன்ன அந்நெறி ஊர்திக்கும் பொருந்தும் என்பதைப் பூம்புகார்ச் சாலையில் நாம் கற்றுக்கொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன், தை மாத அறுவடைக் காலத்தில், மாணவர் சிலருடன் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைக் கண்டபின் காரில் மயிலாடுதுறை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தோம். சாலையின் ஒரு பாதியில் நெல்லைக் காயவைத்துப் பெண்கள் இருவர் காலால் துழாவிக்கொண்டிருந்தனர். எதிரே ஒரு பேருந்து வந்தது. பிரேக்கை மிதித்தோம், மிதி கல்லைப்போல் இறுகி நின்றது. இரு கால்களாலும் முழு வலிமையுடன் அழுத்திய பிறகே, நெற்பரப்பின் விளிம்பில் கார் நின்றது. பெண்கள் திடுக்கிட்டு ஒதுங்கினர். யாருக்கும் தீங்கில்லை, ஆயினும் அந்தச் சில நொடிகளை இன்றும் மறக்க இயலவில்லை.

குறை அன்று திடீரெனத் தோன்றியதன்று. இரண்டு வாரங்களுக்கு முன்பே மிதி சற்று இறுகியிருந்தது. பட்டறை ஒன்றில் காட்டியபோது பிரேக் பேட்டுகளை மாற்றித் தந்தனர். பணம் செலவாயிற்று, குறை தீரவில்லை. நோயை நாடினர், நோயின் முதலை நாடவில்லை.

மிதியின் பின்னே நிகழ்வது என்ன?

அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறைவின்றிப் பரவும் என்பது பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட விதி. நாம் மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரில் எழும் அழுத்தம் பிரேக் ஆயில் வழியே நான்கு சக்கரங்களுக்கும் சென்று, அங்குள்ள பேட்டுகளையும் ஷூக்களையும் இறுகப் பற்றச் செய்கிறது. 1921இல் அமெரிக்காவின் டியூசன்பெர்க் கார் நான்கு சக்கரங்களுக்கும் இம்முறையைக் கொண்டு வந்தது.

கனமான வண்டியை நிறுத்தக் காலின் வலிமை மட்டும் போதாது. எனவே மிதிக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையே பூஸ்டர் என்னும் வட்டமான இரும்புக் கூடு வைக்கப்பட்டது. அதன் நடுவே ஒரு ரப்பர்த் திரை உண்டு. பெட்ரோல் எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும்போது, அத்துடன் இணைந்த குழாய் வழியே பூஸ்டருக்குள்ளிருக்கும் காற்றும் உறிஞ்சப்படுகிறது. டீசல் எஞ்சினில் இப்பணியைத் தனியொரு வேக்குவம் பம்ப் செய்கிறது. மிதியை அழுத்தியதும் திரையின் ஒரு புறத்தில் மட்டும் வெளிக்காற்று நுழைந்து, திரையை முன்னோக்கித் தள்ளுகிறது.

அவ்வுதவியின் அளவை ஒரு கணக்கால் உணரலாம். வளிமண்டல அழுத்தம் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 1 கிலோ. பூஸ்டருக்குள் அதில் 0.6 கிலோ குறைவதாகக் கொள்வோம். 20 செ.மீ. விட்டமுள்ள திரையின் பரப்பு 314 சதுர செ.மீ. அப்படியாயின் காற்று தரும் விசை ஏறத்தாழ 190 கிலோ எடைக்கு நிகராகும். அத்துணை உதவி திடீரென நின்றுபோனால் மிதி இறுகாமல் என் செய்யும்? பிரேக் செத்துவிடவில்லை, அதற்குத் துணைநின்ற காற்று விலகிவிட்டது. மிதி பஞ்சுபோல் அமிழ்வது ஆயிலில் காற்று புகுந்ததன் குறி. தரைவரை இறங்குவது ஆயில் கசிவின் குறி. இறுகி நிற்பது இவற்றிலிருந்து வேறானது.

மூன்று சோதனைகள்

அன்று சாலையோரத்திற்கு அழைத்து வரப்பட்ட முதிய மெக்கானிக் எந்தப் பாகத்தையும் கழற்றவில்லை. “எஞ்சினை அணைத்துவிட்டு நாலைந்து தடவை மிதியுங்கள் சார்” என்றார். அவர் செய்துகாட்டிய முறையைச் சமதளத்தில், கைபிரேக் இட்ட நிலையில், எவரும் செய்து பார்க்கலாம்.

முதலாவது: எஞ்சின் அணைந்திருக்க மிதியைப் பலமுறை அழுத்தினால் சேமிப்பு தீர்ந்து மிதி இறுகும். அதை அழுத்தியபடியே எஞ்சினை இயக்கினால் மிதி சற்றுக் கீழிறங்க வேண்டும். இறங்காவிடில் பூஸ்டருக்கு உறிஞ்சுவிசை வரவில்லை, அல்லது பூஸ்டரே பழுது என்று கொள்ளலாம்.

இரண்டாவது: எஞ்சினை இரண்டு நிமிடம் இயக்கி அணைத்தபின், இடைவெளிவிட்டு மிதிக்க வேண்டும். முதல் மிதி ஆழமாகவும் அடுத்தடுத்தவை உயர்ந்தும் நின்றால் காற்றுக் கசிவு இல்லை.

மூன்றாவது: எஞ்சின் ஓடும்போதே மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டு எஞ்சினை அணைத்து, 30 நொடி காத்திருக்க வேண்டும். மிதி மேலெழுந்தால் கசிவு உண்டு.

இவற்றில் தவறு தெரிந்தால் முதலில் குழாயையும், அதிலுள்ள ஒருவழி வால்வையும், டீசல் வண்டியில் பம்ப்பையும் பார்த்து, அதன் பின்னரே பூஸ்டரை மாற்ற நினைக்க வேண்டும். ‘உஸ்’ என்னும் ஓசையும், நின்ற நிலையில் எஞ்சின் சீரின்றி ஓடுவதும் கசிவைக் காட்டிக்கொடுக்கும். மூன்று சோதனைகளும் சரியாக இருந்தால் சக்கரங்களின் பக்கம் செல்லலாம். துருப்பிடித்துச் சிக்கிய கேலிபர் பிஸ்டன், உட்புறம் வீங்கி அடைத்த ரப்பர் ஹோஸ், பளபளப்பேறிய பேட் ஆகியவை காரணமாகலாம். உப்புக்காற்று வீசும் கடலோர ஊர்களில் துரு விரைந்து பிடிக்கும். பிரேக் ஆயிலுக்குப் பதிலாக எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் உறுப்புகள் வீங்கிக் கெட்டுவிடும்.

நம் காரில் குறை கிளிப்பின் அடியில் இருந்தது. சாண் நீளமுள்ள ரப்பர் குழாயில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு! அதை மாற்றியதும் மிதி பழைய மென்மை பெற்றது.

புது வண்டிக்கு இத்தகைய குறை வாராது என்றும் எண்ணற்க. 2017 டிசம்பர் முதல் 2018 மார்ச் வரை செய்யப்பட்ட 52,686 ஸ்விப்ட், பலேனோ கார்களை, பிரேக் வேக்குவம் குழாயில் குறை இருக்கலாம் என்பதால், மாருதி சுசுகி நிறுவனம் 2018 மே மாதத்தில் சோதனைக்குத் திரும்ப அழைத்தது.

ஓடும்போது இறுகினால்

மிதியை விட்டுவிட்டு மிதித்தலாகாது. ஒவ்வொரு முறையும் எஞ்சிய சேமிப்பு குறையும். விடாமல் முழு வலிமையுடன் அழுத்த வேண்டும். கியரைப் படிப்படியாகக் குறைத்து, கைபிரேக்கை மெல்ல இழுக்கலாம். எஞ்சினை அணைத்தல் கூடாது. எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணிப் பாலத்தின் இறக்கத்தில் எஞ்சினை அணைத்து வண்டியை உருளவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வாறு செய்தால் பூஸ்டரில் எஞ்சுவது ஓரிரு மிதிகளுக்கான உதவி மட்டுமே.

மாணவ நண்பர்களே! இயந்திரம் பேசாது, ஆயினும் காலுக்கு உணர்த்தும். இரண்டு வாரம் நம் கால் உணர்ந்ததை நாம் பொருட்படுத்தவில்லை. அதற்கான விலையைச் சாலையில் நெல் துழாவிக்கொண்டிருந்த அப்பெண்கள் கொடுத்திருக்கக்கூடும். மிதி சற்றே இறுகினாலும் அன்றே சோதியுங்கள். முதலில் காரணத்தைக் காணுங்கள், பிறகு பாகத்தை மாற்றுங்கள்.